மூன்றாவது கால்

போர்வெல் மோட்டார் தூக்கும் முக்காலியை
இரண்டாங்கட்டில் விரித்தபோது
இரண்டு கால் எங்கள் பங்கில் நின்றது.
மூன்றாவது
சாத்தப்பன் அண்ணன் பங்கில்.
தரையில் கோடு ஒன்றும் கிடையாது.
ஆனாலும் பள்ளத்தூரில் பிறந்தவளுக்குத் தெரியும்
எந்தக் கல்லோடு எவர் முடிகிறார் என்று.

லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்.
குழாயும் கேபிளும் ஏற்றிக் கருவேலங்காட்டுக்குள் போனால் ஆறு.
மோட்டார் இறக்கும் கூலியில் பாதியை
ஜிப்சி வழியிலேயே குடித்துவிட்டு
மேட்டில் நின்று இருமும்.
பெட்ரோல் எஞ்சினுக்கு நான் எதிரி அல்ல.
என் கணக்குநோட்டுதான் எதிரி.

மேலூர்ப் பக்கம்
பின்னால் லாரி ஏறிய பொலிரோ ஒன்று:
முதுகு போய் நெஞ்சு மிஞ்சியிருந்தது.
டர்போவோடு எழுபதாயிரம்.
யாகப்பன் ஆயில் கம்பியை உருவி மோந்து பார்த்து
"கெட்ட பழக்கமில்லாத எஞ்சின்" என்றான்.
மாப்பிள்ளை பார்க்கப் போன இடம்போல நான்
தலையை மட்டும் ஆட்டினேன்.

கொண்டுவந்து இறக்கியதும்தான் தெரிந்தது,
இதன் துளை ஒன்றுகூட
கியர்பாக்ஸின் துளை எதையும் பார்க்கவில்லை.
செஞ்சையில் லேத் வைத்திருக்கும் நைனா முகமது
அட்டையில் கரி தேய்த்து அச்செடுத்துப் போய்
பன்னிரண்டு மில்லி இரும்பில் தட்டு ஒன்று கடைந்தார்.
இரண்டு முறை தப்பு.
மூன்றாம் முறை தட்டு உட்கார்ந்த சத்தம்
மிளகு டப்பா மூடுவதுபோல,
அவ்வளவு சின்னது.

சம்ப் முன் அச்சில் இடித்தது, அறுத்து வெல்டு வைத்தோம்.
கனம் தாங்காமல் முன்பட்டை படுத்தது, இன்னொரு பட்டை கூட்டினோம்.
டேங்கை அலசி அலசி
நான் பிசைந்த சோற்றை என்னாலேயே முகர முடியவில்லை.

இதற்கிடையில் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில்
யாரோ எடுத்துக்கொடுத்த படத்தில்
மூன்றாவது காலை வட்டமிட்டு
கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் அனுப்பினார்:
"இது என்ன உமையாள்?"
ஈப்போவிலிருந்து ஒரு சித்தப்பா
கட்டைவிரலை உயர்த்தினார்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

ஆவணி கடைசி வெள்ளி.
யாகப்பன் கைப்பம்பை அமுக்க அமுக்க
இன்ஜெக்டர் நட்டில் முதலில் நுரை,
அப்புறம் சுத்தமான டீசல்.
சாவி.
இரண்டு சுற்று, மூன்று,
பிடித்துக்கொண்டது!
பூட்டிய அறைகளுக்குள்
அடுக்கிவைத்த எவர்சில்வரெல்லாம் கலகலத்தது.
"போதும், நிறுத்துங்க."
சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை.
உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.
அப்போதும் நிற்கவில்லை.

பொறி போனால் பெட்ரோல் எஞ்சின் அடங்கும்.
இதற்குப் பொறியே வேண்டாம்.
நிறுத்தும் லீவருக்கு கேபிள் மாட்ட மறந்திருந்தோம்,
லீவருக்கும் யாகப்பன் விரலுக்கும் நடுவில்
கொதிக்கிற குழாய்.
புகை கருப்பாகத் திரண்டு
அளந்து வைத்தாற்போல
சாத்தப்பன் அண்ணன் சுவரில் ஏறியது.

அடுக்களைக்கு ஓடினேன்.
கையில் கிடைத்த மணையைக் கொண்டுவந்து
காற்று இழுக்கும் வாயில் வைத்தேன்.
பலகையை உறிஞ்சியது, என் கையோடு சேர்த்து.
ஒரு நொடி எனக்கும் அதற்கும் இழுபறி.
பிறகு குலுங்கி,
முனகி,
சரி என்றது.

மணையில் இன்னும் வட்டமாய் எண்ணெய்த் தடம்.
அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

"வெள்ளையடித்துத் தருகிறேன் அண்ணே" என்று
குழுவில் நானே எழுதினேன். பதில் இல்லை.
தீபாவளிக்கு வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை.
பானெட்டைத் திறக்கச் சொன்னார்.
வேட்டியை மடித்துக்கட்டி வெகுநேரம் குனிந்து நின்றார்.
"எவ்வளவு கொடுக்குது?"
"பதினாலு."
"அப்ப இது?"
கை காட்டிய இடத்தில்
சாக்குப் போர்த்திய பழைய எஞ்சின்,
முழுக்க முழுக்க அவர் பங்கில்.

ஆர்.சி. புத்தகத்தில் நான் இன்னும் பெட்ரோல்.
ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு நடை போயாயிற்று.
கோட்டையூர் பங்க் பையனும் அப்படித்தான்,
வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே
பழைய குழாயைத்தான் எடுக்கிறான்.
ஒவ்வொரு முறையும் இறங்கி ஓடி
அவன் கையைப் பிடிக்கிறேன்.